காக்ஸ் டவுன் ஓஸ்வால்ட் லாவோ பேசிய கதை

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஓஸ்வால்டின் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. 1991-இல் வீட்டின் முன்னறையைக் கடையாக மாற்றி, உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டு வைத்து, வெளியே எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. என்று மஞ்சள் பலகை மாட்டினான். அன்று முதல் அந்தத் தெருவில் யார் போன் பேச வந்தாலும், கூண்டுக்குள் பேசியதைவிட வெளியே வந்து ஓஸ்வால்டோடு பேசியதுதான் அதிகமாக இருக்கும். அதற்கு மீட்டர் ஓடுவதில்லை என்பது ஒன்றுதான் வந்தவர்களுக்கு ஆறுதல்.

அதற்கு முன்னால் அவன் ஒரு பெரிய ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டர். வருடக்கணக்கில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததில், ஆட்களை முகத்தை வைத்து இல்லாமல் பேச்சை வைத்து அடையாளம் காண்கிற பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கறிக்கடையில் தக்கினி உருது, பேக்கரியில் மலையாளம், தையற்கடையில் தெலுங்கு, மாதா கோயில் பாடகர் குழுவில் கொங்கணி, கோபம் வந்தால் இங்கிலீஷ். எதிரில் நிற்பவர் வாயைத் திறந்து முடிப்பதற்குள் அவருடைய மொழிக்குத் தாவிவிடுவான். பெங்களூரில் பாதிப் பேர் இப்படித்தான் என்றாலும், ஓஸ்வால்ட் அதைத் தான் ஒருவன் மட்டும் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

“எந்த பாஷையா இருந்தாலும் சரி, பதினஞ்சு நாள் குடு, போதும்” என்பான். யாரும் கொடுக்கவில்லை.

கூண்டின் கதவு சரியாகச் சாத்தாது. அதைச் சரிசெய்ய அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை. உள்ளே பேசுகிறவர்களின் குடும்ப விவகாரம் அவனுக்கு வேண்டியதில்லை. என்ன மொழி, எந்த ஊர்ப் பேச்சு, அது தெரிந்தால் போதும். ஒட்டுக்கேட்ட பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் மாதாமாதம் ஒழுங்காகச் சொல்லிவிடுவான். சாமியார் முதலில் ஜெபம் சொல்லச் சொன்னார், பிறகு கதவைச் சரிசெய்யச் சொன்னார், பிறகு, “இந்த மாசம் என்ன பாஷை?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

நாற்பது வயதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன ஓர் இடத்தில், பெண்ணின் மாமா மங்களூர்க்காரர் என்று தெரிந்ததும் அவரோடு கொங்கணியில் ஆரம்பித்து, பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்தவன் அவன். அந்தப் பெண் அடுத்த மாதமே வேறொருவனைக் கட்டிக்கொண்டாள். அந்த மாப்பிள்ளை அதிகம் பேசாதவன் என்று கேள்வி.

ஓஸ்வால்டோடு இருந்தது அக்கா மௌரீன். பள்ளிக்கூட ஆசிரியை, தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியின் மொழிப் புலமையைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான் இருந்தது. “ஏழு பாஷை தெரியும் இவனுக்கு. ஏழுலயும் ‘இதோ வரேன்’னு சொல்லுவான், ஒண்ணுலயும் வரமாட்டான்” என்பாள்.

2001-ஆம் வருடத் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்த நேரம், ஒரு பெண் கடைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். நேபாளத்துக்காரி என்று முடிவுகட்டி ஓஸ்வால்ட் இந்தி மாதிரி தக்கினியில் ஆரம்பித்தான். அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு, ஒரு துண்டுத் தாளை நீட்டினாள். அதில் இருந்த எண் 856 என்று தொடங்கியது. அந்த எண்ணை அவன் பத்து வருடத்தில் ஒருமுறைகூடச் சுழற்றியதில்லை.

அவள் கூண்டுக்குள் போய்ப் பேசினாள். ஓஸ்வால்ட் சாத்தாத கதவுப் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு காதைத் தீட்டினான். பேச்சு மேலே போனது, கீழே இறங்கியது, நடுவில் நின்று வளைந்தது. ஒரு சொல் பிடிபடவில்லை. சீனம் இல்லை, அது அவனுக்குத் தெரியும், ஹோட்டலில் கேட்டிருக்கிறான். பர்மாவும் இல்லை. அவள் வெளியே வந்தபோது அவனுக்கு வேர்த்திருந்தது.

“லாவோ” என்றாள் அவள் இங்கிலீஷில். “என் நாடு லாவோஸ்.”

பெயர் கம்லா. தங்கம் என்று அர்த்தம் வரும் கம், கடைக்குட்டி என்று அர்த்தம் வரும் லா. அவளுடைய அரசாங்கம் அவளைப் பட்டுப்புழு வளர்ப்புப் பயிற்சிக்காகப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் தங்கியிருந்தாள். ஒரு வாரத்துக்குள் காக்ஸ் டவுன் முழுவதும் அவளைக் கமலா என்று கூப்பிட ஆரம்பித்தது. அவள் மறுக்கவில்லை. யாரையும் மறுத்துப் பேசுவது அவள் ஊரில் அவ்வளவு நாகரிகமான காரியம் இல்லை. இதை ஓஸ்வால்ட் அப்போதே குறித்துக்கொண்டிருந்தால் பின்னால் பட்ட அவமானம் மிச்சமாகியிருக்கும்.

ஞாயிறுதோறும் அவள் வந்தாள். அம்மாவோடு பேசுவாள், பிறகு ஓஸ்வால்டின் கேள்விகளுக்குப் பதில் சொல்வாள். லாவோஸ் கடல் இல்லாத நாடு. அதற்கும் தாய்லாந்துக்கும் நடுவே நெடுந்தூரம் எல்லையாக ஓடுவது மீகாங் ஆறு. அவள் ஊர் தாகேக், அந்த ஆற்றங்கரையில் இருக்கிறது. விருந்தாளிகள் வந்து இறங்கும் துறை என்று அந்தப் பெயருக்குப் பொருள். லாவோ அவள் நாட்டின் மொழி. மலைகளில் வேறு வேறு மொழி பேசுகிற ஜனங்கள் சந்தைக்கு இறங்கி வந்தால் பொதுவில் பேசுவதும் அதைத்தான். வேடிக்கை என்னவென்றால், லாவோ பேசுகிறவர்கள் லாவோஸில் இருப்பதைவிடப் பல மடங்கு அக்கரையில், தாய்லாந்தின் வடகிழக்கில் இருக்கிறார்கள். அங்கே அதற்குப் பெயர் வேறு, எழுதுகிற எழுத்தும் வேறு.

“அப்போ எங்க ஆளுங்க மாதிரிதான்” என்றான் ஓஸ்வால்ட். “பார்டர் எங்கியோ கிடக்குது, பேச்சு எங்கியோ கிடக்குது.”

ஒரே அசையை வெவ்வேறு தொனியில் சொன்னால் வெவ்வேறு சொல்லாகிவிடும் என்று அவள் சொன்னபோது அவனுக்குக் கிலி பிடித்தது. மா என்பதை ஒரு மாதிரி சொன்னால் வா, ஒரு மாதிரி சொன்னால் நாய், ஒரு மாதிரி சொன்னால் குதிரை. ஆனால் அவள் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்ததும் தைரியம் வந்தது. சொல்லுக்குச் சொல் இடம் விடாமல், வட்டவட்டமாக ஓடிய எழுத்து. எழுத்துக்கு முன்னால் கொம்பு, மேலே சுழி, கீழே வால். கொம்பும் சுழியும் தமிழனுக்குப் புதிதா? அந்த எழுத்தின் முப்பாட்டன் பல்லவர் காலத்து எழுத்து, கடல் தாண்டிப் போய் கம்போடியா வழியாக அங்கே சேர்ந்தது என்று மௌரீன் பள்ளிக்கூட நூலகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னாள். அவ்வளவுதான், ஓஸ்வால்டுக்கு லாவோ மொழியே சொந்தக்காரர் வீட்டுச் சொத்து ஆகிவிட்டது.

அவனுக்குக் கம்லாவைப் பிடித்துப்போயிருந்தது. அதைத் தமிழில் சொல்ல வெட்கமாக இருந்தது; இங்கிலீஷில் சொன்னால் சினிமா மாதிரி இருந்தது. லாவோவில் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தான்.

அவென்யூ ரோட்டில் பழைய புத்தகம் விற்கும் கோவிந்தப்பா குவியலைக் கிளறி ஒரு புத்தகத்தை எடுத்தார். அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை; ஆனால் கூடவே ஒரு கேசட் இருந்தது. உள்ளே வட்டவட்டமான எழுத்து, இடம் விடாமல்.

“இது லாவோ பாஷைதானா?” என்று கேட்டான் ஓஸ்வால்ட்.

“அந்தக் கடே எல்லாம் ஒந்தே சார்” என்றார் கோவிந்தப்பா. அந்தப் பக்கமெல்லாம் ஒன்றுதானாம்.

டெல்லியில் ஒருவன் தன்னிடம், “மதராஸி பாஷையில் ஏதாவது பேசு” என்று கேட்டதற்காக ரயில் கிளம்பும்வரை சண்டை போட்டவன் ஓஸ்வால்ட். அதே ஓஸ்வால்ட் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை வாங்கி வந்தான். அது தாய்லாந்து மொழிப் புத்தகம். அவனுக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை. உங்களுக்காவது சொல்லிவிட வேண்டியது என் கடமை.

கேசட்டில் ஓர் ஆண் குரல், பாங்காக்கில் செய்தி வாசிப்பவர் போல நிறுத்தி நிதானமாகப் பேசியது. ஓஸ்வால்ட் அதோடு சேர்ந்து கடையில், குளியலறையில், மௌரீன் பரீட்சைத் தாள் திருத்தும்போது அவள் காதருகில், விடாமல் பேசினான். பக்கத்தில் முறுக்கும் மிட்டாயும் விற்கிற காண்டிமென்ட்ஸ் கடை கிருஷ்ணப்பா, “ஏன் ஸ்வாமி, பல்லு நோவா?” என்று விசாரித்தார்.

அடுத்த ஞாயிறு கம்லா வந்ததும் எழுந்து நின்று கைகூப்பி, “ஸவாத்தீ க்ராப்” என்றான். அவள் ஒரு விநாடி அப்படியே நின்றாள். பிறகு முகம் மலர்ந்து அவளும் கைகூப்பி, அதே மொழியில் பதில் வணக்கம் சொன்னாள்.

அவளுக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும். ஆற்றங்கரை ஊர்களில் எல்லார் வீட்டிலும் அக்கரை டிவிதான் ஓடும். குழந்தைகள் பார்த்துப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். தமிழும் கன்னடமும் விலகியிருக்கும் அளவுக்குக்கூட லாவோவும் தாய்லாந்து மொழியும் விலகியவை இல்லை. ஆனாலும் வேறு வேறுதான். இவ்வளவு ஆசையாகப் படித்து வந்திருக்கும் மனிதரிடம் அது என் மொழி இல்லை என்று எப்படிச் சொல்வது? இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் அவன் இன்னும் ஒரு பாடம் முடித்திருந்தான். அடுத்த மாதம் அவன் கவிதை மாதிரி ஏதோ சொன்னான். அதற்குப் பிறகு சொல்ல வழியே இல்லாமல் போய்விட்டது.

இப்படியாக, ஒரு தமிழனும் ஒரு லாவோப் பெண்ணும், இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில், காக்ஸ் டவுனில் காதலித்தார்கள். இதற்கிடையே கம்லா தெருவில் கேட்டுக் கேட்டே தமிழ் பேச ஆரம்பித்திருந்தாள். அதை ஓஸ்வால்ட் கவனிக்கவில்லை, அவன் பேசிக்கொண்டிருந்தான்.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது அவள் சம்மதித்தாள். கூடவே ஒரு விஷயம் சொன்னாள். அவள் ஊர்ப் பக்கத்தில் கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது வழக்கம். கடைக்குட்டிப் பெண் கடைசிவரை அம்மாவோடு இருப்பாள். வீடும் அவளைத்தான் சேரும். அப்பா இல்லை. அம்மா சரி என்று சொன்னால்தான் கல்யாணம். இல்லையென்றால் பயிற்சி முடிந்ததும் அவள் தனியாகத் திரும்பிப் போய்விடுவாள்.

மௌரீன் இதைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“வீட்டோட மாப்பிள்ளையா? நீயா? ஜாதி ஜனம் காறித் துப்பும். டேடி இருந்திருந்தா நாண்டுக்கினு செத்திருப்பார்.”

அன்றிலிருந்து வீட்டில் அவனுக்கு வேறு பெயர் இல்லை. “வீட்டோட மாப்பிள்ளை சாப்பிட வராரா?” “வீட்டோட மாப்பிள்ளைக்குச் சட்டை இஸ்திரி போடணுமா?” கிருஷ்ணப்பா வரைக்கும் அந்தச் சொல் பரவியது. மௌரீன் கேலிதான் செய்தாள். ஆனால் அவள் கண்ணில் கேலி இல்லை. தம்பியும் போய்விட்டால் அந்த வீட்டில் அவளோடு பேச ஓர் ஆள் இருக்காது. அவள் அதைச் சொல்லாமல் கேலியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓஸ்வால்டும் போவதாக இல்லை. மெட்ராஸுக்கு ஒரு வாரம் போனாலே மூன்றாம் நாள் காய்ச்சல் வரும் அவனுக்கு. அவனுடைய திட்டம் வேறு. அம்மாவிடம் லாவோவிலேயே பேசி, அசத்தி, கம்லாவைப் பெங்களூரிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கிவிடுவது. கேசட்டை முன்னும் பின்னும் ஓடவிட்டு ஒரு முழு உரையைத் தயார் செய்தான். “உங்கள் மகளை ராணி மாதிரி வைத்துக்கொள்வேன்” என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு மட்டும் மூன்று நாள் உழைத்தான்.

அந்த ஞாயிறு கடை நிறைந்திருந்தது. சும்மா வந்தேன் என்று கிருஷ்ணப்பா ஒரு ஓரத்தில் நின்றார். மௌரீன் உள் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தாகேக்கில் ஒரு நெல் அரவை ஆலையில்தான் போன். கம்லாவின் அம்மா அங்கே வந்து காத்திருந்தார். கம்லா முதலில் பேசிவிட்டு, ரிசீவரை அவனிடம் கொடுத்தாள். கதவு வழக்கம்போல் சாத்தவில்லை.

ஓஸ்வால்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். ஒரு பிசிறு இல்லை. ராணி மாதிரி என்ற வரியில் குரலைக் கொஞ்சம் தணித்து உருக்கமும் காட்டினான். முடித்துவிட்டுக் காத்திருந்தான். அந்தப் பக்கமிருந்து ஏதோ சுருக்கென்று ஒரு வார்த்தை வந்தது. அவனுக்குப் புரியவில்லை. ரிசீவரைக் கம்லாவிடம் நீட்டினான்.

கம்லா கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, தமிழில் சொன்னாள்.

“அம்மா கேக்குது... இந்தியா ஆள்னு சொன்னியே, இவரு ஏன் தாய்லாந்து டிவி மாதிரி பேசறாரு?”

“தாய்லாந்தா? நான் லாவோதானே பேசறேன்?”

“இல்ல” என்றாள் கம்லா. “நீங்க பேசறது லாவோ இல்ல. ஒரு நாளும் லாவோ இல்ல.”

கிருஷ்ணப்பா சிரிக்க வாயைத் திறந்து, ஓஸ்வால்டின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

“அப்போ நீ ஏன் சொல்லல? இத்தினி மாசமா?”

“நீங்க அவ்ளோ சந்தோஷமா பேசினீங்க. எப்படி சொல்றது?” அவள் அழுதுகொண்டே மீதியையும் சொன்னாள். அவளுடைய அக்காவுக்கு ஒருவன் வந்தான். அக்கரையிலிருந்து வந்த துணி வியாபாரி. இதே மாதிரி இனிக்க இனிக்கப் பேசினான். ராணி மாதிரி வைத்துக்கொள்கிறேன் என்று இதே வார்த்தையைத்தான் சொன்னான். நாள் குறித்த பிறகு வரவே இல்லை. அக்கா அதற்கப்புறம் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. “அம்மாவுக்கு இந்தப் பேச்சு கேட்டா பயம். அம்மா வேணாம்னு சொல்லுது.”

வேண்டாம். அந்தச் சொல் ஓஸ்வால்டுக்கு ஏழு மொழியிலும் தெரியும். ஏழில் எதுவும் இப்போது உதவிக்கு வரவில்லை. கூண்டுக்குள் நின்றபடி, தான் இத்தனை நாள் கேசட்டில் யாரோ ஒருவன் பேசியதைத்தான் அவளிடம் பேசிக்கொண்டிருந்தோம் என்று அவனுக்கு உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது.

போனில் அம்மாவின் குரல் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. கம்லா கேட்டுச் சொன்னாள்: “அம்மா கேக்குது, நீங்க வீட்ல பேசறது எந்த பாஷை? சாமி கும்பிடறது எந்த பாஷை? அதுல பேசச் சொல்லுது. போனை வெக்கறதுக்கு முன்னாடி உங்க குரல் ஒருதரம் கேக்கணுமாம்.”

ஓஸ்வால்ட் ரிசீவரை வாங்கினான். அவன் கடை திறந்ததிலிருந்து அங்கே இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

“அம்மா” என்றான். “நான் ஓஸ்வால்ட். உங்க பாஷை எனக்குத் தெரியும்னு ஊரெல்லாம் பீத்திக்கினு இருந்தேன். ஒரு வார்த்தை தெரியாது. உங்க பொண்ணை எனக்குப் புடிச்சிருக்கு, அது மட்டும்தான் நெஜம். இவளை இங்கியே வெச்சுக்கலாம்னுதான் உங்களாண்ட பேச வந்தேன். இவ இல்லாம நீங்க எப்படி இருப்பீங்கன்னு நான் நெனக்கவே இல்ல. நீங்க எங்கியும் அனுப்ப வேணாம். நான் வரேன். உங்க வீட்டுல இருக்கேன். வீட்டோட மாப்பிள்ளையா இருக்கேன்.”

லாவோவில் இதைச் சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை; அங்கே ஊரே அப்படித்தான் இருக்கிறது. தாய்லாந்து மொழியில் அது கேசட்டின் இன்னொரு வரியாக இருந்திருக்கும். தமிழில்தான் அந்தச் சொல் சுடும். அதைக் கிருஷ்ணப்பா கேட்க, கடை கேட்க, வாசற்படியில் நின்ற அக்கா கேட்க அவன் சொன்னான்.

கம்லா ரிசீவரை வாங்கினாள். அந்தச் சொல்லை அவள் ஒரு மாதமாக மௌரீன் வாயில் கேட்டுக்கொண்டிருந்தவள்; அதன் கனம் அவளுக்குத் தெரியும். அம்மாவிடம் நீளமாக ஏதோ சொன்னாள். பிறகு கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“அம்மா சொல்லுது, இப்போ பேசினது ஒண்ணுமே புரியல. ஆனா இது நெஜமான ஆள் பேசற மாதிரி இருக்காம். சரின்னு இப்போ சொல்லாது. மழைக்கு வரச் சொல்லுது. நாத்து நடணுமாம்.”

ஓஸ்வால்ட் வெளியே வந்தபோது வாசற்படியில் மௌரீன் இல்லை. சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அவனும் போய்ப் பக்கத்தில் நின்றான்.

“போ” என்றாள் அவள். “நான் சின்னக் குழந்தையா? பென்ஷன் வாங்கினு உன் கடையில உக்காந்துக்கறேன். அந்தக் கதவையாவது சரி பண்ணுவேன்.” சொல்லிவிட்டு அழுதாள். அவனும் அழுதான். அக்காவுக்குத் தான் கொடுத்தது மிகக் குறைவு என்று அவனுக்கு அன்றுதான் தோன்றியது.

இரண்டு நாட்டு அலுவலகங்களிலும் முத்திரை வாங்கி முடிக்க அடுத்த வருடம் ஆகிவிட்டது. 2002 மழைக்காலத்தில் ஓஸ்வால்ட் தாகேக் போய்ச் சேர்ந்தான். புத்தகத்தைப் பெங்களூரிலேயே விட்டுவிட்டுப் போனான்.

சேற்றில் கால் வைத்தே பழக்கமில்லாதவன். நட்ட நாற்று அவன் நகர்ந்ததும் சாய்ந்துவிடும். பின்னால் வரும் கிழவிகள் சிரித்துக்கொண்டே நிமிர்த்தி வைப்பார்கள். லாவோவை அவர்களிடம்தான் கற்றான். வணக்கத்துக்கு ஸபாய்தீ. இல்லை என்பதற்கு போ. பரவாயில்லை என்பதற்கு போ பென் நியாங். அதை அவனிடம் எல்லாரும் ஒரு நாளைக்குப் பல முறை சொல்ல வேண்டியிருந்தது. கேசட்காரன் அன்புக்கு ரக் என்று சொன்னது இங்கே ஹக். தமிழ்ப் பால் கன்னடத்தில் ஹாலு ஆகிறதே, அந்த மாதிரிதான் என்று கண்டுபிடித்து, அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்காமல் மௌரீனுக்குப் போன் போட்டுச் சொன்னான். பெரியவர்களைப் பேர் சொல்லாமல் அக்கா, அண்ணன், சித்தி என்று முறை வைத்துக் கூப்பிடுவதும், பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கேட்பதும் அவனுக்குப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஒட்டுகிற மாதிரி வெந்த பசையரிசிச் சோற்றைக் கையால் உருட்டிச் சாப்பிடவும் யாரும் சொல்லித்தரவில்லை. தொனிதான் வரவில்லை. அவன் வா என்று கூப்பிட்டால் கம்லா வருவதற்கு முன் தெருவே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

அம்மா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சோறு போட்டார், நடவுக்குக் கூட்டிப்போனார், அவன் பேசினால் கேட்டுக்கொண்டார். நடவு முடிந்தது. கம்லாவுக்கும் ஓஸ்வாலுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ‘ட்’ அங்கே யார் வாயிலும் நுழையாததால் அவன் இப்போது ஓஸ்வால். மழைக்காலம் பாதி தாண்டிய ஒருநாள், வீட்டில் வாழையிலையைக் கூம்பாக மடித்து, பூக்கள் சொருகி, வெள்ளை நூல்களைத் தொங்கவிட்டு நடுக்கூடத்தில் வைத்தார்கள். அக்கம்பக்கத்துக் கிழவிகள் வந்து உட்கார்ந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டான். குவான் அழைக்கிறார்கள் என்றாள் கம்லா. மனிதனின் உடம்பில் முப்பத்திரண்டு குவான்கள், உயிரின் துண்டுகள் மாதிரி, இருக்கின்றனவாம். ஆள் ஊர்விட்டு ஊர் போனால் அவற்றில் சில வழியிலேயே தங்கிவிடும். அவற்றைக் கூப்பிட்டு உடம்பில் சேர்த்து நூலால் கட்ட வேண்டும். புதிதாக வீட்டுக்கு வந்தவருக்குத்தான் கட்டுவது.

பெரியவர் ஒருவர் மந்திரம் சொல்லி முடித்ததும் அம்மா எழுந்து வந்து அவனுக்கு எதிரில் உட்கார்ந்தார். அவன் கையை இழுத்து மடியில் வைத்து, மணிக்கட்டில் நூலைச் சுற்றிக்கொண்டே பேசினார். ஓதுகிற குரல் இல்லை. வாசலில் நின்று பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

“ஓஸ்வாலோட குவானே, வா. காக்ஸ் டவுன்ல நின்னுட்டா, வா. வீலர் ரோட்ல சுத்திக்கிட்டிருந்தா, வா. அக்கா சமையற்கட்டுல உக்காந்திருந்தா, அவங்ககிட்ட சொல்லிட்டு வா. அழாம வா. உனக்கு இங்க சோறு இருக்கு, பாய் இருக்கு, அம்மா இருக்கேன். இது உன் வீடு.”

தெருப் பெயரையெல்லாம் கம்லாவிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். வீலர் ரோடு அவர் வாயில் மூன்று தொனியில் ஏறி இறங்கியது. ஓஸ்வாலுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. பக்கத்தில் யாரும் எடுத்துச் சொல்லத் தேவைப்படவில்லை. கிழவிகள் சிரிக்கச் சிரிக்க அவன் ஓவென்று அழுதான்.

அம்மா முடிச்சை இறுக்கினார். பிறகு கூம்பிலிருந்து இன்னொரு நூலை எடுத்து, யாருக்கும் கட்டாமல், ஒரு வாழையிலைத் துணுக்கில் மடித்து வைத்தார்.

“இது உங்க அக்காவுக்கு. தபால்ல அனுப்பாதே” என்றார். “இங்க வரச் சொல்லு. நான்தான் கட்டணும்.”